வாசிக்கத் தெரியும், வாய்ப்பு எங்கே?

(பூன் லேயில் இளம் இசைக்கலைஞர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் கூச்சம் தரும் தலைப்பு. இசை என்றால் ராகத்தைப் பற்றிப் பேசலாம், குருபக்தியைப் பற்றிப் பேசலாம். கச்சேரி எப்படிப் பிடிப்பது, சன்மானம் எப்படிக் கேட்பது என்று மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுருட்டும் நேரத்தில் எல்லாரும் பேசுவது அதைத்தான். பின்வாசலில் பேசுவதை இன்றைக்கு முன்வாசலில் பேசிவிடுவோம்.

சிங்கப்பூரில் இசை கற்றுக்கொள்ள இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலிருந்து நடக்கிறது. நடனக் கலைஞர் பாஸ்கர் அவர்கள் 1952இல் தொடங்கிய கலைப்பள்ளி இருக்கிறது. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் மிருதங்கம் ஆரம்பிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், அரங்கேற்றம் நடக்கிறது, மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். பிறகு அந்த மிருதங்கம் அலமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. கற்றுக்கொள்ளப் பாதை இருக்கும் அளவுக்கு, கற்றதை வைத்து வாசிக்கப் பாதை தெரிவதில்லை. “அண்ணே, யாரைப் போய்க் கேக்கறது?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்த உரை.

முதலில் களம் எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடுவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியுரிமையும் நிரந்தரவாசமும் பெற்றவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அதில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. சென்னையில் ஒரு மெல்லிசைக் குழு திருச்சி, மதுரை, கோவை என்று சுற்றிவிட்டு வரலாம். நமக்குச் சுற்ற ஊர் கிடையாது. தமிழ் மேடையை மட்டும் நம்பி முழுநேரமும் பிழைப்பது இங்கே கடினம். அதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் சிறிய களத்துக்கு ஒரு நன்மை உண்டு: இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நேற்று ஜூரோங் வெஸ்டில் நன்றாக வாசித்தவரின் பெயர் அடுத்த வாரம் தேக்காவுக்குப் போய்விடும். நேரத்துக்கு வராதவரின் பெயர் அதற்கு முன்பே போய்விடும்.

கச்சேரி எப்போது வருகிறது? நம் நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும். ஜனவரியில் பொங்கல், அதை ஒட்டித் தைப்பூசம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் திருமண வரவேற்புகள். ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டு. அதே மாதத்தில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா. நவராத்திரி வந்தால் கோயில்களில் இரவுதோறும் கலை நிகழ்ச்சி. அப்புறம் தீபாவளி, தேக்கா ஒளியூட்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில்கள் கொஞ்சம் கைகொடுக்கும். இந்த ஏற்ற இறக்கம் நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடக்கும் ‘கெத்தாய்’ மேடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாடகர்கள் ஒரே இரவில் இரண்டு மூன்று மேடைகளுக்கு ஓடுகிறார்கள். மாதம் முடிந்தால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். பருவத்தொழிலைப் பருவத்தொழிலாகவே ஏற்றுக்கொண்டு அவர்கள் திட்டமிடுகிறார்கள். நாமும் தீபாவளிக்கான பேச்சைத் தீபாவளி மாதத்தில் தொடங்கினால் நடக்காது. ஆறு மாதம் முன்னால் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? சமூக மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் இருக்கின்றன. பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுகிறவர்கள் அவர்கள். பட்ஜெட்டும் அவர்கள் கையில்தான். கோயில் நிர்வாகக் குழுக்கள் இருக்கின்றன. திருமணத்துக்கு மண்டப அலங்காரம் செய்பவரும் நிகழ்ச்சி நெறியாளரும் இருக்கிறார்கள். பெண் வீட்டார் “நல்ல பேண்டு யாராச்சும் தெரியுமா?” என்று முதலில் கேட்பது இவர்களைத்தான். உங்கள் எண் அவர்களுடைய கைப்பேசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாரும் மறந்துவிடும் ஒருவர் பரதநாட்டிய ஆசிரியர். ஒரு நடன அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஒரு குழுவே வேண்டும். ஒத்திகை பல நாள் நடக்கும். இன்றைக்கும் பல பெற்றோர் சென்னையிலிருந்து கலைஞர்களை வரவழைக்கிறார்கள். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்துச் செலவு செய்கிறார்கள். உள்ளூரில் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் கச்சேரிக்கு வாசிப்பது வேறு, நடனத்துக்கு வாசிப்பது வேறு. ஜதி சொல்லும்போது கண் ஆடுகிறவரின் காலில் இருக்க வேண்டும். அடவு தெரிய வேண்டும், எங்கே நிறுத்துவார், எங்கே அபிநயத்துக்காக இழுப்பார் என்று தெரிய வேண்டும். ஒரு நடன வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து ஓராண்டு வாசித்துப் பழகிய மிருதங்கக்காரருக்கு வேலை தேடி வரும். தமிழ் வாத்தியக்காரருக்கு இந்த ஊரில் இதைவிட நிலையான வாசல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, குழு. தனியாக வீட்டில் வாசிக்கிறவரை யாரும் தேடி வரமாட்டார்கள். மக்கள் கழகத்தின் ஆதரவில் 1985இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும் இருக்கிறது. லலிதா வைத்தியநாதன் அவர்கள் வளர்த்த குழு அது. இந்திய வாத்தியங்களை மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா போல வரிசையில் உட்காரவைத்து, எழுதிய இசையைப் பார்த்து வாசிக்க வைப்பது நம் மரபில் புதுப் பழக்கம். அங்கே போனால் பணம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்காதீர்கள். ஒரே வாரத்தில் நாற்பது வாத்தியக்காரர்களுக்கு உங்களைத் தெரியவைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? அடுத்த வாய்ப்பு அந்த நாற்பது பேரில் ஒருவரிடமிருந்து வரும்.

நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பெரியவர்கள் எல்லாரும் முதலில் யாரோ ஒருவருடைய குழுவில் வாசித்தவர்கள்தான். இளையராஜா சென்னைக்கு வந்தபின் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் ஆண்டுக்கணக்கில் வாசித்தார், உதவியாளராக இருந்தார். அவர் முதலில் இசையமைத்த ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல். ஏ.ஆர். ரகுமான் சிறுவனாக இருந்தபோதே பிறருடைய ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தவர். டிரம்ஸ் சிவமணியோடு ‘ரூட்ஸ்’ என்ற குழுவிலும் இருந்தார். நம் ஊரிலும் குழுவுக்கு அந்த மதிப்பு உண்டு. அலெக்ஸ் அபிஷேகநாதனைச் சிங்கப்பூர் கிட்டார் இசையின் தந்தை என்கிறார்கள். அவர் 1981இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிட்டார் குழுவைத் தொடங்கினார். 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் விட்டுச்சென்றதில் பெரியது, தனக்குப் பிறகும் சேர்ந்து வாசிக்கிற ஒரு கூட்டம்.

குழுவில் சேர்ந்தபின் இரண்டாம் முறையும் கூப்பிட வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? வித்துவத்தைவிட இங்கே சின்னச் சின்ன விஷயங்கள் வேலை செய்கின்றன. கீபோர்டு வாசிக்கிறவர், பாடகர் வந்து “இன்னைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்குங்க” என்றால் முகம் சுளிக்காமல் இறக்க வேண்டும். மிருதங்கம் வாசிக்கிறவரிடம் தக்கு ஸ்ருதிக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஏற்ற உச்ச ஸ்ருதிக்கு ஒன்று என இரண்டு வாத்தியமாவது தயாராக இருக்க வேண்டும். கல்யாண மேடையில் வழக்கமாகக் கேட்கும் பாட்டுகள் ஐம்பது அறுபது, எந்த நேரத்திலும் விரலில் இருக்க வேண்டும். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு நான்கு தெரிந்தால் தாத்தாக்கள் உங்களை விடவே மாட்டார்கள். சவுண்ட் செக்குக்கு முதல் ஆளாக வர வேண்டும். பேண்டுத் தலைவர் பட்டியலில் முதலில் யாருடைய பெயரை எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்? அபார வித்துவானையா, தலைவலி கொடுக்காதவரையா? எனக்குத் தெரிந்த தலைவர்கள் இரண்டாமவரைத்தான் எழுதுகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானதற்கு வருகிறேன். உங்களுக்கு அதிகமாக வேலை வாங்கிக்கொடுக்கப் போகிறவர் யார்? ஏற்பாட்டாளர் இல்லை. உங்களோடு வாசிக்கும் பாடகரும் இல்லை. நீங்கள் வாசிக்கும் அதே வாத்தியத்தை வாசிக்கும் இன்னொருவர்தான். ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்த நாளை எண்ணிப் பாருங்கள். ஒரே மாலையில் எத்தனையோ வரவேற்பு. தெரிந்த தபேலாக்காரர் ஒருவருக்கு மூன்று அழைப்பு வரும். ஒன்றைத்தான் அவரால் எடுக்க முடியும். மற்ற இரண்டையும் அவர் யாருக்குத் தள்ளுவார்? தன் பெயரைக் கெடுக்காத இன்னொரு தபேலாக்காரருக்கு. நாம் யாரைப் போட்டியாளர் என்று நினைத்து மேடைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமோ, அவர்தான் நம்முடைய முதல் ஏஜென்ட்.

அதனால் உங்கள் வாத்தியத்தை வாசிக்கும் ஐந்து பேரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் போன மேடையில் உங்கள் சொந்த விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள். கூப்பிட்டவர் மறுமுறை நேராக உங்களை அழைத்தால், அனுப்பிவைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுதாத சட்டம் இது. இதை மீறியவர்களை இந்தச் சின்ன ஊர் வெகுநாள் மறப்பதில்லை.

தமிழ் மேடைக்கு வெளியேயும் கதவுகள் இருக்கின்றன. ஜூலை 21, இன நல்லிணக்க நாள். தீவெங்கும் பள்ளிகளில் நிகழ்ச்சி நடக்கிறது. கொம்பாங் வாசிக்கிற மலாய்க்காரர், குசேங் வாசிக்கிற சீனர், இவர்களோடு சேர்ந்து ஒரு தவிலோ தபேலாவோ வாசித்தால் அதற்கென்று ஒரு தேவை இருக்கிறது. எஸ்பிளனேட் 2002இல் திறந்ததிலிருந்து ‘கலா உற்சவம்’ என்ற இந்தியக் கலைவிழாவை நடத்துகிறது; உள்ளூர்க் கலைஞர்களுக்கும் அங்கே இடமுண்டு. தெருவில் வாசிக்க விரும்புகிறவர்களுக்குத் தேசிய கலைகள் மன்றத்தின் திட்டம் இருக்கிறது. தேர்வில் வாசித்துக் காட்டி அனுமதி பெற்றால், குறித்த இடங்களில் வாசிக்கலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடி யங் ராஜா உலகச் சந்தைக்குப் போனார். இங்கே வளர்ந்த ராப் பாடகி லேடி காஷின் குரல் 2010இல் ‘எந்திரன்’ படப் பாட்டில் கேட்டது. இவர்கள் யாரும் தமிழை விட்டுவிட்டுப் போகவில்லை. தமிழை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

உறுமி மேளத்துப் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான்றிதழ் இல்லை, வகுப்பறை இல்லை. அண்ணன் வாசிப்பதைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொள்கிறான். தைப்பூசப் பாதையில் 1973 முதல் இசைக்கருவிகளுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. சமூகம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019இல் காவடியோடு நடந்துபோகிறவர்கள் தாளவாத்தியம் வாசிக்கவும் வழி பிறந்தது. வாசிக்க இடம் வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டால் அது வேண்டுகோள். ஒரு சமூகமே ஆண்டுதோறும் கேட்டால் அதற்குப் பதில் வந்தே தீரும்.

இனி பணம். சன்மானத்தை முன்கூட்டிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். “பாத்துப் போட்டுக் கொடுங்க” என்கிறோம். அவர்களும் பார்க்கிறார்கள், கொடுப்பதைத்தான் காணோம். ஒரு தீபாவளி நிகழ்ச்சிக்கு வாசித்துவிட்டுப் பொங்கல் வரைக்கும் பணத்துக்காக அலைந்த அனுபவம் எனக்கும் உண்டு. அன்றைக்கு என் கையில் ஒரு வரி எழுத்து இல்லை.

சுயதொழில் செய்பவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வது பற்றி 2018இல் ஒரு முத்தரப்புத் தரநிலை வந்தது. அது சொல்வது எளிது: யார், யாருக்கு, என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். வக்கீல் பத்திரம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கினால்கூடப் பிறகு காட்ட ஓர் ஆதாரம் இருக்கும். எத்தனை மணி நேரம், எத்தனை ஒத்திகை, ஒலிபெருக்கி யாருடையது, நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் யாருக்கு, இவற்றையும் சேர்த்துவிடுங்கள். பூன் லேயில் இருக்கிற நமக்கு இன்னொன்று: தேக்காவில் இரவு நிகழ்ச்சி முடிந்து, சாமானைக் கட்டி வெளியே வரும்போது கடைசி எம்ஆர்டி போயிருக்கும். தீவின் மேற்கு மூலைக்கு டாக்சிக்குக் கொடுத்தால் சன்மானத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். போக்குவரத்துச் செலவைத் தனி வரியாக எழுதுங்கள்.

அப்படியும் பணம் வரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரைக்குமான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. சிறிய கோரிக்கைக்குக் கட்டும் கட்டணமும் பெரிதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாம் பெரும்பாலும் போகமாட்டோம், தெரியும். ஆனால் போக முடியும் என்று நமக்குத் தெரிந்திருப்பது எதிரே இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கும் சுத்தமாக இருக்கட்டும். சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்ட வேண்டும். வருமான வரிப் படிவத்தில் கச்சேரிப் பணத்தையும் காட்ட வேண்டும். இந்த அவையில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் சிலரும் இருக்கிறீர்கள். ஊரில் நையாண்டி மேளம் வாசித்தவர்கள், திருவிழாவில் பாடியவர்கள். உங்களுக்கு அக்கறையோடு ஒன்று சொல்கிறேன்: வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. யாராவது காசு தருகிறேன் என்று மேடைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஒரு மாலைப் பாட்டுக்காக உங்கள் பிழைப்பையே பணயம் வைக்காதீர்கள்.

சரி, இலவசமாக வாசிப்பதே தப்பா? இல்லை. கோயிலில் சேவையாக வாசிக்கலாம். நண்பன் கல்யாணத்துக்கு வாசிக்கலாம். யாருமே பணம் வாங்காத அறநிகழ்ச்சிக்கு வாசிக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, படம் எடுப்பவருக்குக் காசு, வாசிப்பவருக்கு மட்டும் ‘நல்ல வாய்ப்பு’ என்றால், அதைச் சிரித்துக்கொண்டே மறுக்கப் பழக வேண்டும்.

இங்கேதான் அந்த இன்னொரு தபேலாக்காரர் மறுபடி வருகிறார். நான் மறுத்த மேடைக்கு அவர் பாதி விலைக்குப் போனால், அடுத்த ஆண்டு அவருக்கும் பாதி விலைதான். சென்னைத் திரையுலகில் இதைப் புரிந்துகொண்டு வாத்தியக்காரர்களைத் திரட்டியவர்களில் முன்னணியில் இருந்தவர் எம்.பி. சீனிவாசன். இசையமைப்பாளராக இருந்துகொண்டே, பின்வரிசையில் உட்கார்ந்து வாசிப்பவருக்குச் சங்கம் வேண்டும், முறையான ஊதியம் வேண்டும் என்று நின்றவர். தன் சேர்ந்திசைக் குழுவில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்ந்து பாடவைத்தவரும் அவரே. சேர்ந்து பாடத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து கேட்கவும் தெரியும்.

சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைத்தொகையை வசூலித்துக் கொடுக்க ‘கம்பாஸ்’ என்ற அமைப்பு 1987 முதல் இருக்கிறது. உங்கள் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பிறர் பாட்டை மேடையில் பாடுகிற நிகழ்ச்சிக்கு உரிமம் எடுத்திருக்கிறார்களா என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். 2017இல், தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். 2021இல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிற கலைஞரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. சுவரொட்டியில் பாடகர் பெயரைப் போட்டுவிட்டு மற்றவர்களை “பேண்டு” என்று முடித்துவிடும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

முடிக்கிறேன். ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று: வெளியூரிலிருந்து கலைஞரை வரவழைப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர் வரும்போது பக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை உட்காரவையுங்கள். சன்மானத்தை அன்றிரவே கையில் கொடுங்கள். பெற்றோருக்கு ஒன்று: அரங்கேற்றத்துக்குச் செலவழிக்கிறீர்கள், சந்தோஷம். அதன் பிறகு பிள்ளை மாதம் ஒரு முறையாவது நான்கு பேரோடு உட்கார்ந்து வாசிக்கிறானா என்று பாருங்கள்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன் உங்கள் வாத்தியத்தை வாசிக்கும் இன்னொருவரைக் கண்டுபிடித்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் மாதம் ஒரு நாள் கூடி வாசியுங்கள், வரப்போகும் தேதிகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், இதற்குக் கீழே போகமாட்டோம் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்த முகூர்த்த நாளிலேயே அதன் பலன் தெரியும்.